கப்பல் தலைவனின் வயது என்ன?

ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் ஏற்றப்பட்டுள்ளன. கப்பல் தலைவனின் வயது என்ன?

இவ்வினாவைப் படித்தவுடன் நமக்குச் சிரிப்பு வருகின்றது. ஆடுகளின் தொகைக்கும் தலைவனின் வயதுக்கும் என்ன தொடர்பு? ஆயினும் 1979-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரிலுள்ள கணிதக் கற்பித்தல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே வினாவைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கொடுத்துப் பார்த்தனர். ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள அப்பிள்ளைகளுள் 76 பேர், கொடுக்கப்பட்ட எண்களைக் கொண்டே ஒரு வயதைக் கணக்கிட்டு எழுதிவிட்டனர். 26-ஐயும் 10-ஐயும் கூட்டினால் 36. கப்பல் தலைவனுக்குப் பொருந்தக்கூடிய வயதுதான்!

அப்பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களது கூட்டலிலும் பிழையில்லை. ஆனால், கணக்கு என்று ஒன்று கொடுக்கப்பட்டால் அதற்கு விடை இருந்தே தீரும், கொடுக்கப்பட்ட எண்களை எல்லாம் பயன்படுத்தியே ஆகவேண்டும், விடைத்தாளில் எதையாவது எழுதிவிட வேண்டும் என்னும் சட்டங்களை அவர்கள் எப்படியோ கற்றுக்கொண்டிருந்தனர். இச்சட்டங்களை எந்த ஆசிரியரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனினும் பிள்ளைகள் அவற்றை வாய்பாட்டைவிட விரைவாக மனத்தில் பதித்துக்கொள்கின்றனர்.

"என் பிள்ளைக்கு வாய்பாடு தலைகீழாகத் தெரியும், கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகச் செய்வான், வாக்கியக் கணக்கு என்றால் மட்டும் விழிக்கிறான்" என்று பெற்றோர் பலர் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்கிறோம். நாளடைவில் இக்குறை, "அவனுக்குக் கணக்கு வராது" என்னும் தீர்ப்பாக மாறிவிடுகின்றது. அத்தீர்ப்பைப் பிள்ளையும் நம்பிவிடுகின்றான். அதன்பின் அவன் செல்லக்கூடிய படிப்புகள் பல, அவன் வாசலை மிதிக்குமுன்னரே அடைபட்டுப் போகின்றன. இத்துணைப் பெரிய இழப்புக்குக் காரணம் பெரும்பாலும் கணக்குத் தெரியாமை அன்று. கணக்கைப் படித்துப் பொருள் கொள்ளாமையே என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முப்பத்தோரு பேருந்தும் மீதி பன்னிரண்டும்

இக்குறை சிறு பிள்ளைகளோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்க நாட்டில் 1982-ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசியக் கல்வி மதிப்பீட்டில் பதின்மூன்று வயது மாணவர்களுக்கு ஒரு கணக்குத் தரப்பட்டது. ஒரு படைப் பேருந்தில் 36 வீரர்கள் செல்லலாம்; 1128 வீரர்களைப் பயிற்சி இடத்துக்குக் கொண்டு செல்ல எத்தனை பேருந்துகள் வேண்டும்?

1128-ஐ 36-ஆல் வகுத்தால் ஈவு 31, மீதி 12. மாணவர்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இவ்வகுத்தலைச் சரியாகவே செய்தனர். ஆனால் 29 விழுக்காட்டினர் "31, மீதி 12" என்று விடை எழுதினர். 18 விழுக்காட்டினர் 31 பேருந்துகள் போதும் என்றனர். 32 பேருந்துகள் என்னும் சரியான விடையைத் தந்தவர்கள் 23 விழுக்காட்டினரே.

"மீதி 12" என்பது தாளில் நிற்கும் ஓர் எண்ணா? அல்ல, வழியில் நிற்கும் பன்னிரண்டு மனிதர்கள். அவர்களை ஏற்றிச் செல்ல இன்னொரு பேருந்து வேண்டும் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் தாளும் எழுதுகோலும் கைக்கு வந்தவுடன், அக்குழந்தையின் உலகறிவு வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிடுகின்றது.

ஒரு சிறு சொல்லின் பெரும் பொறுப்பு

வாக்கியக் கணக்கில் முதலில் வருவது வாக்கியம், பின்னர்தான் கணக்கு. நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1150-ஆம் ஆண்டளவில் பாஸ்கரர் வடமொழியில் இயற்றிய லீலாவதியும், தமிழில் காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரமும் செய்யுள் வடிவில் அமைந்தவை. நிலம், பொன், நெல், அரிசி முதலியவற்றின் அளவைகளைக் கூறும் கணக்கதிகாரத்தைக் கற்ற மாணவன், செய்யுளுக்குப் பொருள் காணாமல் விடையை நெருங்கவே இயலாது.

தமிழில் ஓர் அசை முழுக் கணக்கையும் மாற்றிவிடும். "100 ரூபாய்ப் பொருளின் விலை 40 ரூபாய் குறைந்தது" என்றால் இப்போதைய விலை 60 ரூபாய். "100 ரூபாய்ப் பொருளின் விலை 40 ரூபாயாகக் குறைந்தது" என்றால் இப்போதைய விலை 40 ரூபாய். எண்கள் மாறவில்லை, "ஆக" என்னும் சிறு சொல் மட்டுமே சேர்ந்தது. அவ்வாறே "தலா", "வீதம்", "மொத்தம்", "மீதம்", "விட" ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு பொறுப்பைச் சுமந்து நிற்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "அதிகம் என்று வந்தால் கூட்டு, குறைவு என்று வந்தால் கழி" என்று சிலர் பிள்ளைகளுக்குக் குறுக்குவழி சொல்லித் தருகின்றனர். இது நன்மையைவிடத் தீமையே மிகுதியாகச் செய்கின்றது. "மரியாவிடம் 12 மாம்பழங்கள் உள்ளன. அவை சூசையிடம் உள்ளவற்றைவிட 5 அதிகம். சூசையிடம் எத்தனை?" குறுக்குவழி கற்ற பிள்ளை, "அதிகம்" என்னும் சொல்லைக் கண்டவுடன் 17 என்று எழுதிவிடும். யாரிடம் அதிகம் என்று ஒரு கணம் நின்று கேட்ட பிள்ளையோ 7 என்று சொல்லும். சொல்லைத் தேடுவது வேறு. பொருளைத் தேடுவது வேறு.

போல்யா காட்டிய நான்கு படிகள்

கணக்கைத் தீர்க்கும் முறையைப் பற்றியே வாழ்நாளில் பெரும்பகுதி சிந்தித்த கணித அறிஞர் ஒருவர் உண்டு. அவர் ஜார்ஜ் போல்யா. 1887-இல் அங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்து, சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பல ஆண்டுகள் கற்பித்து, பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். 1985-இல், தமது 97-ஆம் வயதில் காலமானார். "தீர்ப்பது எப்படி" என்று பொருள்படும் தலைப்பில் அவர் 1945-இல் வெளியிட்ட சிறு நூல் உலகின் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது.

அந்நூலில் அவர் நான்கு படிகளைக் காட்டுகின்றார். முதலாவது, கணக்கைப் புரிந்துகொள்ளுதல். இரண்டாவது, வழி ஒன்றை வகுத்தல். மூன்றாவது, அவ்வழியே சென்று முடித்தல். நான்காவது, திரும்பிப் பார்த்தல். நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் முதற்படியையும் இரண்டாம் படியையும் தாண்டிக் குதித்து மூன்றாம் படியில் விழுகின்றனர். நான்காம் படியை எட்டுவதே இல்லை.

முதற்படிக்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. புத்தகத்தை மூடிவைத்து, கணக்கை எண்களின்றிக் கதையாகச் சொல்லுமாறு பிள்ளையைக் கேளுங்கள். "ஒரு பேருந்தில் இத்தனை பேர்தான் ஏறலாம், நிறையப் பேர் போக வேண்டும், எத்தனை பேருந்து வேண்டும் என்று கேட்கிறார்கள்" என்று பிள்ளை தன் சொற்களில் சொல்லிவிட்டால், பாதிக் கணக்கு முடிந்தது என்று கொள்ளலாம். சொல்ல இயலாவிடில், எழுதுகோலை எடுக்க இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள்.

வழி வகுக்கச் சில உத்திகள்

இரண்டாம் படியே கடினமானது. அதற்கு ஒரே உத்தி எல்லாக் கணக்குக்கும் பொருந்தாது. ஆயினும் பயன்மிக்க உத்திகள் சிலவற்றை எடுத்துக்காட்டுடன் காண்போம்.

முதலாவது, "இப்படி இருந்தால்?" என்று வைத்துப் பார்த்தல். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சுன் சி என்னும் சீனக் கணித நூலில் ஒரு கணக்கு வருகின்றது. ஒரு கூண்டில் காட்டுக்கோழி இனத்துப் பறவைகளும் முயல்களும் உள்ளன. தலைகள் 35, கால்கள் 94. பறவைகள் எத்தனை, முயல்கள் எத்தனை?

இயற்கணிதம் அறியாத பிள்ளையும் இதைத் தீர்க்கலாம். முப்பத்தைந்தும் பறவைகளே என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கால்கள் 70 இருக்க வேண்டும். ஆனால் இருப்பவையோ 94. மிகுதி 24. ஒரு பறவையை எடுத்துவிட்டு ஒரு முயலை வைத்தால், தலைகளின் தொகை மாறாது; கால்கள் மட்டும் இரண்டு கூடும். 24 கால்கள் கூட வேண்டுமாயின் 12 முறை மாற்ற வேண்டும். ஆகவே முயல்கள் 12; பறவைகள் 23. இவ்வாறு எண்ணத் தயங்கும் பிள்ளை ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கட்டும். முயல் 5 என்றால் கால்கள் 80. முயல் 10 என்றால் கால்கள் 90. விடை அருகில் இருக்கிறது என்று தானே கண்டுகொள்ளும். தவறான ஊகம் வீண் அன்று. அது சரியான விடைக்குச் செல்லும் திசையைக் காட்டுகின்றது.

இரண்டாவது, முடிவிலிருந்து பின்னோக்கி வருதல். ஒரு பாட்டி முட்டைக் கூடையோடு சந்தைக்குச் சென்றார். முதலில் வந்தவருக்குக் கூடையில் இருந்தவற்றில் பாதியும் மேலும் ஒன்றும் விற்றார். இரண்டாமவருக்கு மீதியில் பாதியும் மேலும் ஒன்றும், மூன்றாமவருக்கும் அவ்வாறே. கூடை காலியாயிற்று. கொண்டு சென்றவை எத்தனை?

முன்னிருந்து தொடங்கினால் தலை சுற்றும். முடிவிலிருந்து வாருங்கள். இறுதியில் கூடையில் ஒன்றும் இல்லை. கடைசியாகக் கொடுத்த அந்த ஒன்றைத் திரும்ப வைத்தால் 1. அது பாதி என்பதால் முழுவது 2. அதற்கு முந்திய விற்பனைக்குச் செல்ல, 2-உடன் 1 சேர்த்தால் 3, இருமடங்கு 6. அதற்கும் முன், 6-உடன் 1 சேர்த்தால் 7, இருமடங்கு 14. பாட்டி கொண்டு சென்றவை 14 முட்டைகள். இவ்வாறு பின்னோக்கிச் செல்லுகையில் கூட்டல் கழித்தலாகவும், பெருக்கல் வகுத்தலாகவும் தலைகீழாக மாறும் என்பதை நம் நாட்டு ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டளவில் எழுதிய தமது நூலிலேயே கூறியுள்ளார்.

மூன்றாவது, சிறிய கணக்கிலிருந்து தொடங்குதல். பெரிய கணக்கு மலைப்பாக இருந்தால், அதே போன்ற எளிய கணக்கொன்றை முதலில் தீர்க்குமாறு போல்யா அறிவுறுத்துகின்றார். குடும்ப விழா ஒன்றில் 10 பேர் கூடினர். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒருமுறை கைகுலுக்கினர். மொத்தம் எத்தனை கைகுலுக்கல்கள்? பத்துப் பேரை விட்டுவிடுங்கள். இருவர் இருந்தால் 1. மூவர் இருந்தால் 3. நால்வர் இருந்தால் 6. ஐவர் இருந்தால் 10. முறையே 2, 3, 4 என்று கூடிக்கொண்டே வருகின்றது. ஏன் அப்படி? புதிதாக வருபவர், ஏற்கெனவே இருப்பவர் அனைவரோடும் கைகுலுக்க வேண்டும் அன்றோ! ஆகவே பத்துப் பேருக்கு 1 முதல் 9 வரை கூட்டினால் போதும். விடை 45.

எண்களுக்குள் ஓர் ஒழுங்கு

இக்கணக்கு நம்மை எண் தொடர்களின் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. செருமானியக் கணித மேதை காஸ் (1777–1855) சிறுவராயிருந்தபோது, நீண்ட கூட்டல் ஒன்றை ஆசிரியர் கொடுத்து முடிக்குமுன்னரே விடையைப் பலகையில் எழுதி வைத்தார் என்னும் வரலாறு யாவரும் அறிந்ததே. 1 முதல் 100 வரை கூட்டும் கணக்காக அது வழங்கிவருகின்றது. முதலெண்ணையும் கடையெண்ணையும் சேர்த்தால் 101. இரண்டாவதையும் கடைசிக்கு முந்தியதையும் சேர்த்தாலும் 101. இவ்வாறு 50 இணைகள். ஆகவே 5050. இங்கு வேலை செய்தது கையின் விரைவன்று. கூட்டத் தொடங்குமுன் எண்களைச் சற்றே நின்று பார்த்த கண்.

இத்தகைய பார்வையை வீட்டிலேயே பழக்கலாம். ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும். ஒரு கொட்டையை வையுங்கள். அதன் வலப்புறமும் கீழ்ப்புறமும் மூலையிலுமாக மூன்று கொட்டைகளை வைத்தால், பக்கத்துக்கு இரண்டாக ஒரு சதுரம் உண்டாகும். அதைச் சுற்றி அவ்வாறே இன்னும் ஐந்து வைத்தால், பக்கத்துக்கு மூன்றான சதுரம். 1, 1+3, 1+3+5 என ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்களே ஏன் வருகின்றன என்பதை, எந்தச் சூத்திரமும் இன்றிக் குழந்தை தன் கண்ணாலேயே கண்டுகொள்ளும். புள்ளி வைத்துக் கோலமிடப் பழகிய சிறுமிக்கு இது புதிதாகவும் தோன்றாது.

ஆனால் இங்கும் ஒரு பள்ளம் உண்டு. "2, 4, 8 – அடுத்த எண் யாது?" என்று கேட்டால், இருமடங்காகிறது என்று கருதி 16 என்போம். வேறொரு பிள்ளை, "முதலில் 2 கூடியது, பிறகு 4 கூடியது, இனி 6 கூடும், ஆகவே 14" என்று கூறினால் அதைத் தவறு என்று தள்ள இயலுமா? இயலாது. காரணம் சொல்லப்பட்ட விடை அது. விடைக்குப் பின்னாலுள்ள காரணத்தையே நாம் மதிப்பிட வேண்டும்.

இன்னும் வியப்பான ஓர் எடுத்துக்காட்டைக் கேளுங்கள். ஒரு வட்டத்தின் மேல் இரண்டு புள்ளிகளை வைத்துக் கோட்டால் இணைத்தால் வட்டம் 2 பகுதிகளாகும். மூன்று புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தால் 4 பகுதிகள். நான்கு புள்ளிகளுக்கு 8. ஐந்து புள்ளிகளுக்கு 16. ஆறு புள்ளிகளுக்கு? எவரும் 32 என்றே கூறுவர். உட்புறத்தில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்காதவாறு வரைந்து, பொறுமையாக எண்ணிப் பாருங்கள். 31 பகுதிகளே வரும்! நான்கு முறை உண்மையாயிருந்த ஒழுங்கு ஐந்தாம் முறை கைவிட்டுவிடுகின்றது. ஆகவே ஓர் ஒழுங்கைக் கண்டால் மகிழ வேண்டும், அதனோடு நின்றுவிடாமல் "ஏன்?" என்று கேட்க வேண்டும். கைகுலுக்கல் கணக்கிலும் புளியங்கொட்டைச் சதுரத்திலும் "ஏன்" என்பதற்கு விடை கிடைத்தது. அதனாலேயே அவற்றை நூறுவரை, ஆயிரம்வரை நம்பலாம்.

பெற்றோர் செய்யத்தக்கவை

"நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என் மகளுக்கு நான் எப்படிக் கணக்குச் சொல்லித் தருவேன்?" என்று தயங்கும் தாய்மார் உண்டு. அவர்களுக்குச் சொல்லத்தக்கது ஒன்றே. கணக்குச் சொல்லித் தருவதற்கு விடை தெரிய வேண்டும். கணக்கில் துணை நிற்பதற்கு விடை தெரியவேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தால் போதும்.

"இதில் என்ன கேட்டிருக்கிறார்கள்?" "நமக்குத் தெரிந்தது எது?" "படம் போட்டுக் காட்டுகிறாயா?" "இதைவிடச் சிறிய எண் என்றால் எப்படிச் செய்வாய்?" "நீ சொன்ன விடையைக் கணக்கில் வைத்துப் பார்த்தாயா?" – இக்கேள்விகளைக் கேட்க எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. கேட்டுவிட்டுப் பொறுமையோடு காத்திருக்கவே வேண்டும். அக்காத்திருத்தல்தான் நமக்கு அரிதாகிவிட்டது. பிள்ளை ஒரு நிமிடம் மௌனமாக இருந்தால், "கூட்டடா!" என்று நாமே அவசரப்படுத்தி விடுகிறோம். அந்த ஒரு சொல்லால், எண்ணும் வேலையை நாம் எடுத்துக்கொண்டு, எழுதும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

தண்டனையும் ஏளனமும் அறவே கூடா. அஞ்சும் பிள்ளை சிந்திப்பதில்லை. அடியிலிருந்து தப்பிக்க ஏதேனும் ஓர் எண்ணைச் சொல்லப் பழகிக்கொள்கின்றது. ஆடுகளைக் கூட்டித் தலைவனுக்கு வயது சொன்ன பிள்ளைகளின் பாதையும் அதுவே. "இக்கணக்கில் போதிய செய்தி இல்லை; ஆகவே விடை சொல்ல இயலாது" என்று ஒரு பிள்ளை துணிந்து கூறுமானால், அதைக் குறும்பு என்று கருதாமல் பாராட்டுங்கள். தெரியாததைத் தெரியாது என்று கூறுதல் கணக்கிலும் நேர்மைதான்.

நான்காம் படியாகிய திரும்பிப் பார்த்தலை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். விடையைக் கணக்கில் வைத்துச் சரிபார்க்கக் கற்ற பிள்ளை, ஆசிரியரின் சிவப்பு மைக்காகக் காத்திருப்பதில்லை. 14 முட்டையில் பாதியும் ஒன்றும் போனால் 6. அதில் பாதியும் ஒன்றும் போனால் 2. அதில் பாதியும் ஒன்றும் போனால் ஒன்றுமில்லை. விடை சரியென்று அதுவே அறிந்துகொள்கின்றது. பிறர் சொல்லி அறிவதைவிடத் தானே அறிந்த உறுதி, பிள்ளைக்கு எத்துணைத் தன்னம்பிக்கையைத் தரும் என்பதை அருகிலிருந்து பார்த்தவர் அறிவர்.

இன்று மாலை விளக்கேற்றிய பின், தொலைக்காட்சிப் பெட்டியைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு, பிள்ளைகளோடு அமர்ந்து கீழ்க்காணும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வாகன நிறுத்துமிடத்தில் மூன்று சக்கர ஆட்டோக்களும் இரண்டு சக்கர மிதிவண்டிகளுமாக 20 வண்டிகள் நிற்கின்றன. அவற்றின் சக்கரங்கள் மொத்தம் 47. நிறுத்துமிடத்தின் காவலருக்கு வயது 58. ஆட்டோக்கள் எத்தனை, மிதிவண்டிகள் எத்தனை?

இதன் விடை அடுத்த இதழில் வராது. சரிபார்க்கும் வழி உங்கள் பிள்ளையின் கையிலேயே இருக்கின்றது.